வின்ரோடியர்: குவியம் விலகிய நட்சத்திரப் படத்தைக் கொண்டு ஆடியின் குறையை அளக்கும் மென்பொருள்

தொலைநோக்கி விற்பவர்கள் ஆடியின் தரத்துக்கு ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதை வீட்டு மாடியிலேயே சரிபார்க்க முடியும் என்பதால்தான் வின்ரோடியரைப் பற்றி எழுதுகிறேன். இலவச மென்பொருள், விண்டோஸில் இயங்குகிறது. வானியலாளர் பிரான்சுவா ரோடியர் 1988இல் முன்வைத்த கருத்தே இதன் அடித்தளம். ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடிக் குறையை அதன் நட்சத்திரப் படங்களிலிருந்தே கணித்தவர்களில் அவரும் கிளாட் ரோடியரும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. உச்சிக்கு அருகிலுள்ள பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் குவியத்துக்கு முன்னால் ஒரு தொகுதியாகவும் பின்னால் ஒரு தொகுதியாகவும் படமெடுக்க வேண்டும். குவியம் விலகியதால் நட்சத்திரம் ஒரு வட்டாக விரிந்து தெரியும். குறையற்ற ஆடி என்றால் இரண்டு வட்டுகளும் ஒத்திருக்கும். வேறுபாடு இருந்தால், அதிலிருந்து அலைமுகப்பின், அதாவது ஆடியிலிருந்து திரும்பும் ஒளியலையின், வடிவத்தை மென்பொருள் கணித்துத் தருகிறது.

சிக்கல் காற்றில் இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் வட்டு நெளிகிறது. 100 படங்களின் சராசரியை எடுத்தால் தற்செயலான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் குழாய்க்குள் தேங்கிய சூடு தற்செயலானதல்ல, சராசரியில் கரையாது. ஆடி ஆறும்வரை காத்திருந்தே தீர வேண்டும்.

என் 200 மி.மீ. நியூட்டோனியனில் (ஆடி கொண்டு ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) எடுத்த படங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டேன். இதைத்தான் எல்லோருக்கும் வலியுறுத்துவேன். கோளப் பிறழ்ச்சியின் (ஆடியின் நடுப்பகுதியும் விளிம்பும் ஒளியை வெவ்வேறு தூரங்களில் குவிக்கும் குறை) எண் ஒரு குழுவில் கூட்டலாகவும் மற்றொன்றில் கழித்தலாகவும் வந்தது. அது இரைச்சல், ஆடியின் மேல் பழிபோட முடியாது. வட்டை முக்கோணமாக்கும் மூன்று மடல் கொண்ட பிறழ்ச்சியோ எல்லாக் குழுக்களிலும் ஒரே அளவில், ஒரே திசையில் நின்றது. கேமராவைத் திருப்பினால் படத்தில் அதுவும் உடன் திரும்பியது. ஆகவே குறை கேமராவில் இல்லை. ஆடியைப் பிடிக்கும் மூன்று கவ்விகளும் விற்பனைக்கு வந்தபோதே இறுக்கமாக இருந்தன. அவற்றைச் சற்றுத் தளர்த்தியதும் ஸ்ட்ரெல் விகிதம் (குறையற்ற ஆடிக்கு 1 என்று வரும் தர எண்) 0.61இலிருந்து 0.86க்கு உயர்ந்தது. அன்றிரவு வியாழனின் பட்டைகளைப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை!

இந்த மும்மடல் பிறழ்ச்சிக்கும் வட்டை நீள்வட்டமாக்கும் அஸ்டிக்மாட்டிசத்துக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. அவை வட்டின் உட்புற வெளிச்சத்தை ஏறக்குறைய மாற்றுவதில்லை, விளிம்பின் வடிவத்தையே மாற்றுகின்றன. எனவே விளிம்பு கலங்கிய படங்களிலிருந்து வரும் இந்த எண்களை நான் ஏற்பதில்லை. குவியத்திலிருந்து அதிகம் விலகினால் காற்றின் பாதிப்பு குறையும், ஆனால் நுட்பமான குறைகள் மறையும். நடுவில் ஓர் இடத்தை அவரவர் தொலைநோக்கிக்கு ஏற்பத் தேட வேண்டியிருக்கிறது.

கறுப்பு வெள்ளைக் கேமராவும் பச்சை வடிகட்டியும் இருந்தால் நல்லது. நட்சத்திரம் சட்டத்தின் நடுவில் இருக்கட்டும், இல்லையேல் நியூட்டோனியனில் இயல்பாகவே வரும் கோமா (நடுவிலிருந்து விலகிய நட்சத்திரம் வால் நீண்டு தெரியும் பிறழ்ச்சி) கணக்கில் புகுந்துவிடும். கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் இதற்காகக் கேமரா வாங்க வேண்டாம். கண்வில்லையில் தெரியும் வட்டு முக்கோணமாக இருந்தால் நேராகக் கவ்விகளைத் தளர்த்திப் பார்க்கலாம்.