தாதியப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லி 65,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: வன்னிப் பெற்றோர் கவனத்துக்கு

65,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து எடுத்த காசு. அதை வாங்கியவர்கள் நேற்றிலிருந்து என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. ஆகவே எல்லோரும் பார்க்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

என் தங்கை உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தவள். மல்லாவிப் பக்கத்தில் இரசாயனவியல் படித்துச் சித்தியடைவது எவ்வளவு பெரிய பாடு என்று எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும். மருத்துவ பீடத்துக்கு, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி எட்டவில்லை. தாதியாக வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். சுகாதார அமைச்சு தாதிய மாணவர்களைச் சேர்க்கும் அறிவித்தல் வர்த்தமானியில் வந்தபோது வீடே மகிழ்ந்தது. மூன்று வருடப் பயிற்சி, படிக்கும் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு, அதன்பின் அரச ஆஸ்பத்திரியில் வேலை. இந்த ஆசையை மோப்பம் பிடித்துத்தான் நகரத்தில் சிலர் கடை விரித்திருக்கிறார்கள்.

பெயர் சொல்லவில்லை. ஏ9 வீதியில், மாடியில் இயங்கும் ஒரு தனியார் வழிகாட்டல் நிலையம். வாசலில் வெள்ளைச் சீருடை அணிந்த பெண்களின் பெரிய படம். பொறுப்பாளர் எங்களை உட்காரவைத்துப் பால் தேநீர் தந்தார். தங்கையின் பெறுபேற்றுத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கி, நிதானமாகப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, இந்தப் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் வேறு யாருக்குக் கிடைக்கும்? எங்களிடம் விட்டுவிடுங்கள். விண்ணப்பத்தையும் நாங்களே அனுப்புகிறோம், நேர்முகப் பரீட்சைக்கும் நாங்களே ஆயத்தப்படுத்துகிறோம்." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் வழியில் புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தார்.

வகுப்பு என்ற பெயரில் நடந்ததைக் கேளுங்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820 மே 12 இல் பிறந்தார் என்பதைத் திரும்பத் திரும்ப ஒப்புவிக்கச் செய்தார்கள். கதவை எப்படித் திறந்து உள்ளே போவது, கதிரையில் எப்படி உட்காருவது என்று ஒரு முழுப் பிற்பகல் போனது. பாடக்குறிப்பு என்று கொடுத்தது வர்த்தமானியின் போட்டோப் பிரதி. அதுவும் பக்கம் குறைவாக! இணையத்தில் மூன்று மொழிகளிலும் இலவசமாகக் கிடைக்கும் தாளுக்கா 65,000 ரூபாய்?

அதையும் பொறுத்திருப்போம். சரிபார்க்க வேண்டும் என்று சான்றிதழ்களின் மூலப்பிரதிகளையும், தங்கை நிரப்பிய விண்ணப்பத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முடிவுத் திகதி நெருங்கியது. "அனுப்பியாகிவிட்டது தம்பி" என்றார் பொறுப்பாளர். பதிவுத்தபால் துண்டைக் கேட்டேன். "அலுமாரியில் இருக்கிறது, திறப்பு மற்றவரிடம்" என்றார். பிறகு போயா விடுமுறை என்றார். பிறகு தான் கொழும்பில் நிற்பதாகச் சொன்னார். பின்னால் கிளிநொச்சி சந்தைச் சத்தம் கேட்டது. தங்கையோடு படித்த பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்த பிறகு, "உங்கள் தங்கையின் புள்ளி போதவில்லைப்போலும்" என்று ஒரே போடாகப் போட்டார். கடிதம் வந்த பிள்ளையின் இசட் புள்ளி தங்கையினுடையதை விடக் குறைவு. மாவட்டமும் ஒன்றுதான்.

சான்றிதழ்களையாவது தாருங்கள் என்று நேரே போய் நின்றேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒரு கோப்பினை நீட்டினாள். சான்றிதழ்களுக்கு அடியில் தங்கையின் விண்ணப்ப உறை கிடந்தது. இடது பக்க மேல் மூலையில் தங்கையின் கையெழுத்தில் பதவியின் பெயர், ஒட்டிய முத்திரை, தபால் கந்தோரின் அச்சு ஒன்றும் இல்லை. விண்ணப்பம் அந்த மாடியை விட்டு இறங்கவே இல்லை!

பணத்தைக் கேட்டால் பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொல்கிறார். "கற்கைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. விண்ணப்பம் அனுப்புவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "அடுத்த முறை பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சலுகை வேறு காட்டுகிறார். என்ன துணிச்சல்! அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியுமா? வயதெல்லை தங்கைக்காகக் காத்திருக்குமா?

எப்படி ஆயத்தமாவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கோபம் விடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். விண்ணப்பத்தை உங்கள் கையாலேயே அனுப்பி, அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதிகளை எவரிடமும் கொடுக்காதீர்கள். நேர்முகப் பரீட்சையில் அவற்றைத்தான் கேட்பார்கள். தெரிவில் பார்ப்பது இசட் புள்ளியை, அதைக் கூட்டித்தர எந்த வகுப்பாலும் முடியாது. சந்தேகம் இருந்தால் அரச தகவல் நிலையத்தின் 1919 க்கு அழைத்துக் கேளுங்கள். வாய்ச்சொல்லில் தந்த உறுதியைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 க்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். நாளை காலை உறையையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையம் போகிறேன். 65,000 ரூபாயையும் கேட்பேன். அதே மாடியில் காசு கட்டியவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டோடு வாருங்கள், சேர்ந்தே போவோம்.