ஈர அரைப்பா, உலர் அரைப்பா, ஆசிட்டா? வடசென்னையின் பழைய தரைகளும் அவற்றை மீட்பவர்களின் உடல்நலமும்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி, தண்டையார்பேட்டை, பெரம்பூர் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளில் தரை பெரும்பாலும் மொசைக்காகவோ ரெட் ஆக்சைடாகவோ கடப்பைக் கல்லாகவோ இருக்கும். இவற்றை உடைத்தெறிந்து டைல்ஸ் ஒட்டாமல், மேற்பரப்பை அரைத்து மெருகேற்றி மீட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் சில ஆண்டுகளாக வீட்டுக்காரர்களிடையே பரவி வருவது நல்ல செய்தி. ஆனால் மேஸ்திரிகளிடமிருந்து கொட்டேஷன் வாங்கும்போது, சதுர அடிக்கு என்ன விலை, எத்தனை நாளில் முடியும், எவ்வளவு பளபளக்கும் என்ற மூன்றை மட்டுமே நாம் ஒப்பிடுகிறோம். எந்த முறையில் அரைக்கப்போகிறார்கள் என்பதையும், அந்த முறை வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் கைக்கும் உயிருக்கும் என்ன செய்யும் என்பதையும் யாரும் ஒப்பிடுவதில்லை. இந்த அலசல் அந்த ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. போட்டியில் இருப்பவை தண்ணீர் ஊற்றி அரைக்கும் ஈர முறை, வாக்யூம் இணைத்து அரைக்கும் உலர் முறை, அரைக்காமலே ஆசிட் ஊற்றிக் கழுவும் முறை ஆகிய மூன்று.

தூசியிலிருந்து தொடங்குவதே சரி, ஏனெனில் மற்ற ஆபத்துகள் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. சிமெண்டுத் தரையிலும் கான்கிரீட்டிலும் கிரானைட்டிலும், மணலில் இருப்பது போன்ற குவார்ட்ஸ், அதாவது சிலிக்காவின் படிக வடிவம், இருக்கிறது. அதை அரைக்கும்போது 10 மைக்ரானுக்கும் குறைவான சிலிக்கா துகள்கள் பிறந்து, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்து, மூச்சுக்குழாய் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை செல்கின்றன. அங்கே உண்டாகும் தழும்புதான் சிலிக்கோசிஸ். அதைத் திருப்பிச் சரிசெய்யும் மருந்து இன்றுவரை இல்லை. சிலிக்காவைச் சுவாசித்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 2016இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் துகள் இருக்கக்கூடாது. உழைப்பவர் ஒரு ஷிப்டில் ஏறத்தாழ 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறார் என்று கொண்டால், அவர் உள்ளே இழுக்கக்கூடிய நாள் அளவு அரை மில்லிகிராம்தான்; சமையலில் போடும் ஒரு சிட்டிகை உப்பில் அது சில நூறில் ஒரு பங்கு. அறையே வெண்புகையாகத் தெரியும் வேலையிடத்தில் இந்த வரம்பு எத்தனை மடங்கு தாண்டப்பட்டிருக்கும் என்பதை அளவுகருவி இல்லாமலே ஊகிக்கலாம்.

எல்லாத் தரையும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. மொசைக்கின் சில்லுகள் பெரும்பாலும் மார்பிள், அதாவது சுண்ணாம்புக் கல் வகை; கடப்பையும் அப்படியே. இவற்றில் குவார்ட்ஸ் குறைவு. ஆனால் ரெட் ஆக்சைடு தரையின் வண்ணப் படலம் மெல்லியது. கொஞ்சம் ஆழமாக அரைத்தாலே அடியிலுள்ள மணற்கலவை வெளிப்பட்டுவிடும், அப்போது தூசியின் தன்மையும் மாறிவிடும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டு வைத்து ஒட்டுப்போட்ட மொசைக்கும் அப்படித்தான். ஆகவே “இது வெறும் மார்பிள் தூசி, ஒன்றும் செய்யாது” என்று மேஸ்திரி சொன்னால், அது பாதி உண்மை என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தூசியை அடக்குவதில் ஈர முறைக்கு இயல்பான பலம் இருக்கிறது. பிறந்த துகளைத் துரத்திப் பிடிப்பதைவிட, அது காற்றில் ஏறுமுன்பே நனைத்துவிடுவது எளிது. நின்றுகொண்டே தள்ளி இயக்கும் தரை அரைப்பான்களுக்கு, அரைக்கும் இடத்தில் இடைவிடாமல் தண்ணீர் விழும் ஏற்பாடு இருந்தால் தனியாக முகமூடி தேவையில்லை என்று ஓஷாவின் அட்டவணையே ஏற்றுக்கொள்கிறது. நம் ஊர் மொசைக் பாலிஷ்காரர்கள் பல தலைமுறையாகத் தண்ணீர் ஊற்றித்தான் 60, 120, 220 என்று அரைக்கும் கல்லின் எண்ணைக் கூட்டிக்கொண்டே (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) போய் மெருகேற்றி வந்திருக்கிறார்கள். சட்டமும் அளவீடும் வருவதற்கு முன்பே சரியான வழியில் இருந்த ஒரு தொழில் இது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் ‘இடைவிடாமல்’ என்ற நிபந்தனை முக்கியமானது: ஹெல்பர் குவளையால் அவ்வப்போது தண்ணீர் தெளித்து, இடையில் தரை காய்ந்துபோக விட்டால் அது ஈர முறை ஆகாது.

ஈர முறையின் விலை மின்சாரத்தில் இருக்கிறது, அந்த விலை உயிராகவும் இருக்கலாம். வடசென்னையின் பழைய வீடுகளில் எர்த் இணைப்பு இல்லாத இரண்டு முள் பிளக் பாயிண்டுகளும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களும் இன்னும் இருக்கின்றன. பாலிஷ் மிஷினின் ஒயர் முனையைச் சீவி நேராக மெயின் போர்டில் செருகுவதும், ஒட்டுப்போட்ட கேபிள் சேற்றுத் தண்ணீரில் கிடப்பதும், அதன்மேல் வெறுங்காலோடு ஒருவர் நிற்பதும் அபூர்வக் காட்சிகள் அல்ல. நனைந்த தோலின் மின்தடை வெகுவாகக் குறைவதால், காய்ந்த உடம்புக்கு ஒரு சுரீர் என்று முடியும் கசிவு, நனைந்த உடம்பில் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். இதற்கான காப்பு 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்பான்; பழைய பெயரில் ஈ.எல்.சி.பி. என்று கடையில் கேட்டாலும் தருவார்கள். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டே அது வேலை செய்கிறது என்பதால், எர்த் இல்லாத வீட்டிலும் மனித உடல் வழியாகக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும். அதற்காக எர்த் தேவையில்லை என்று பொருளல்ல. மிஷினின் உலோக உடலில் மின்சாரம் ஏறினால், யாரும் தொடுமுன்பே துண்டிக்க எர்த் வேண்டும். பாலிஷ் குழு தன் சொந்த டிஸ்ட்ரிபியூஷன் போர்டைப் பெட்டியாகக் கொண்டுவந்து, வேலை தொடங்குமுன் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்ட வேண்டும். ஒட்டில்லாத கேபிள் சுவரோரம் உயரத்தில் கொக்கியில் தொங்க வேண்டும், காலில் ரப்பர் பூட்ஸ் இருக்க வேண்டும். இவை இல்லாத ஈர முறையை நான் பாதுகாப்பான முறை என்று எண்ணமாட்டேன்.

அரைத்த சேறு அடுத்த சிக்கல். அது காரத்தன்மை உடையது. நாள் முழுவதும் அதில் நிற்கும் கால்விரல்களின் இடுக்கு வெந்துபோகும். அதைத் தெருச் சாக்கடையில் ஊற்றினால் அடியில் படிந்து இறுகி, ஐப்பசி மழையில் அந்தத் தெருவே பதில் சொல்ல வேண்டியிருக்கும். டிரம்மில் ஒரு இரவு தெளிய வைத்து, அடியில் தங்கியதை ஈரம் காயாமல் சாக்கில் கட்டி, கட்டுமானக் கழிவாக அனுப்புவதே முறை. இங்கே கொடுங்கையூரிலேயே மாநகராட்சியின் கட்டுமானக் கழிவு மறுசுழற்சி நிலையம் இருக்கிறது. மேலும், தரையில் காயவிட்ட சேறு மறுநாள் துடைப்பம் பட்டதும் அதே சிலிக்கா தூசியாக எழும். முந்தைய நாள் தண்ணீர் ஊற்றிய பலன் முழுவதும் அந்தப் பெருக்கலில் போய்விடும்.

உலர் முறையைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உண்மையான உலர் முறையில், அரைக்கும் தலையைச் சுற்றி உறை இருக்கும். அதிலிருந்து தடித்த குழாய், மிஷினுக்கு ஏற்ற காற்றிழுப்புத் திறன் கொண்ட தொழிற்கூட வாக்யூமுக்குப் போகும். அதன் ஃபில்டர் நுண்துகளில் குறைந்தது 99 விழுக்காட்டைப் பிடிப்பதாகவும், அடைபட்டால் தன்னைத்தானே உதறிக்கொள்ளும் அமைப்புடனும் இருக்கும். வீட்டுக்குள் வேலை என்றால், இரண்டு ஓட்டங்களுக்கு இடையே தரையில் தங்கும் தூசியை ஹெப்பா என்ற, நுண்துகளையும் பிடிக்கும் ஃபில்டர் கொண்ட வாக்யூமால் எடுக்க வேண்டும் என்பதும் ஓஷாவின் நிபந்தனை. இப்படிச் செய்தால் உலர் முறையும் ஈர முறைக்கு நிகராகவே மதிக்கப்படுகிறது; மின் ஆபத்து குறைவு, வழுக்கி விழுவது இல்லை, தெருவில் சேறு இல்லை. ஆனால் இங்கே பலர் ‘டஸ்ட் ஃப்ரீ’ என்று சொல்லிக் கொண்டுவருவது, வாடகைக்கு எடுத்த சாதாரண வாக்யூமைத்தான். அது பெரிய தூளை உறிஞ்சி, ஆளைக் கொல்லும் நுண்தூளைப் பின்பக்கம் வழியாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். தரை சுத்தமாகத் தெரிவதால் எல்லோரும் முகமூடியைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த வகையில் இது வெளிப்படையான தூசியைவிட மோசமானது. பையைத் திறந்து கொட்டும் நிமிடமும் கவனிக்கத்தக்கது: காலையிலிருந்து பிடித்த தூசி முழுவதையும் ஹெல்பர் ஒரே மூச்சில் வாங்கும் இடம் அது.

முகமூடியை நான்காவது மாற்றாக யாராவது முன்வைத்தால் ஏற்க வேண்டாம். முகத்தில் சரியாகப் பொருந்திய என்-95 முகமூடி, உள்ளே போகும் தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பதே கணக்கு. தாடி இருந்தால் அதுவும் இல்லை. மே மாத வெக்கையில், சன்னல் சாத்திய அறையில், அதை எட்டு மணி நேரம் கழற்றாமல் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. கைக்குட்டையும் துண்டும் இந்தத் துகளுக்கு ஒரு தடையே அல்ல.

இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் தவறவிடும் இடம் ஓரங்கள். பெரிய மிஷின் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளியே நிற்கும். மாடிப்படி, வாசற்படி, சமையலறை மேடையின் அடி, கதவு மூலை ஆகியவற்றுக்கு அது போகவே போகாது. அங்கே ஆங்கிள் கிரைண்டரை எடுத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, பெரும்பாலும் தண்ணீரும் உறையும் இல்லாமல், மூக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில் அரைக்கிறார்கள். மையத் தரை முழுவதையும் ஈரமாக அரைத்த அன்று கூட, அந்தக் குழுவில் ஒருவர் வாங்கும் தூசியின் பெரும்பங்கு இந்த ஓரங்களிலிருந்துதான் வரும் என்பது என் உறுதியான கருத்து. மேலும் அந்த வேலை பெரும்பாலும் குழுவின் இளையவருக்கே ஒதுக்கப்படுகிறது. சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் தீர்வு அல்ல. அது நனைவதற்காகச் செய்யப்பட்ட கருவி அல்ல, கையில் பிடித்திருக்கும் உலோகத் தலையே மின்சாரம் பாய்ச்சும். தண்ணீர்க் குழாயும் மின்கசிவுத் துண்டிப்பானும் உள்ளமைந்த ஈர பாலிஷர் ஒரு வழி; உறை மாட்டி நல்ல வாக்யூமோடு இணைத்த கிரைண்டர் மற்றொன்று. இரண்டும் இல்லையென்றால் படிக்கட்டை எமரிக் கல்லால் தண்ணீர் தொட்டுக் கையால் தேய்ப்பது மெதுவானது, ஆனால் யாருக்கும் கேடில்லாதது. ஒரு மேஸ்திரியின் தரத்தை அறிய, நடுக்கூடத்தை எப்படி அரைப்பீர்கள் என்று கேட்பதைவிட மூலையை எப்படி அரைப்பீர்கள் என்று கேட்பதே போதும்.

ஆசிட் முறையை நீண்ட நேரம் எடை போட வேண்டியதில்லை. மலிவு, வேகம், மிஷின் வேண்டாம் என்பவை அதன் மூன்று வாதங்கள். ஆனால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மார்பிள் சில்லையும் சிமெண்டையும் சேர்த்தே கரைக்கும். நுரைத்துப் பொங்கிய பிறகு தரை சொரசொரப்பாகி, அடுத்த ஆண்டே மீண்டும் அழுக்கேறும். அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். கறை போகவில்லை என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது பிறப்பது குளோரின் வாயு, மூடிய குளியலறையில் அது உயிரைப் பறிக்கும். மீட்பு வேலையில் இந்த முறைக்கு இடமே தரக்கூடாது. கடைசி மெருகுக்குப் பயன்படும் ஆக்சாலிக் பவுடர் வேறு வகை, தேவையானதும்கூட. ஆனால் அதுவும் நச்சே. ரப்பர் கையுறையோடு, ஈரப்படுத்திய பிறகே கையாள வேண்டும், சர்க்கரையோ சோடா உப்போ போலத் தோன்றும் வெள்ளைப் பொட்டலமாகச் சமையலறையில் விட்டுப் போகக்கூடாது.

எந்த முறையானாலும் பொதுவான இரண்டை விரைவாகச் சொல்லிவிடலாம். மின்தடை வந்தால் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, சந்து போன்ற குறுகிய முற்றத்திலோ வைக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் காதடைப்பான் வேண்டும்.

இனி எதைத் தேர்வது? தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ தரைத்தள வீடு, கான்கிரீட் தளத்தின்மேல் மொசைக் என்றால், 30 மில்லிஆம்பியர் காப்புடன் கூடிய ஈர முறையே என் தேர்வு. மண்ணடி, சௌகார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் மாடிக்கு அந்த விடை பொருந்தாது. அங்கே பல மாடித் தளங்கள் மரச்சட்டத்தின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ். மேலே ஊற்றும் தண்ணீர் கீழே இறங்கி மரத்தை ஊறவைக்கும், கீழ்க்கடையின் சரக்கையும் மின்விளக்கையும் நனைக்கும். அங்கே உண்மையான வாக்யூம் இணைத்த உலர் முறையே சரி. அது கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரை வேலையைத் தள்ளிவைப்பதே சரி.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்வியில் சட்டம் வீட்டுக்காரருக்குப் பெரிதாக உதவாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 10 பேருக்குக் குறையாத நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தது. பாலிஷ் குழுவில் இருப்பவர்கள் மூன்று அல்லது நான்கு பேர். அதுவரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்நோயாகப் பட்டியலிட்டிருந்தாலும், தெருத்தெருவாக வீடு மாறி வேலை செய்தவர் எந்த முதலாளியின் தூசியால் நோயுற்றார் என்று நிறுவுவது கடினம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா என்று கேட்பது நம்மால் முடியும். நாள்பட்ட இருமலோடு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகும் தொழிலாளி, “தரை அரைக்கும் வேலை, இத்தனை ஆண்டாக” என்பதை மருத்துவரிடம் தானே சொல்ல வேண்டும். சிலிக்கோசிஸும் காசநோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தோன்றலாம், இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் கூடும்.

மீதி எல்லாம் கொட்டேஷனில் எழுதப்பட வேண்டியவை: மின்கசிவுத் துண்டிப்பான், ஓரங்களுக்கான கருவி, வாக்யூமின் ஃபில்டர் வகை, சேற்றை அகற்றும் செலவு என ஒவ்வொன்றும் தனி வரியாக, தனித் தொகையாக. அந்த வரிகள் இருக்கும் விலைப்புள்ளி கூடுதலாகத்தான் இருக்கும். அவை இல்லாத மலிவான விலைப்புள்ளியோடு அதை ஒப்பிடுமுன், விடுபட்ட ஒவ்வொன்றையும் அந்த மேஸ்திரியிடமே கேட்டு எழுதச் சொல்லி, அதன் பிறகு கூட்டிப் பாருங்கள்.