போர்டு இல்லாத ரெக்கார்டு கடையும் ஏழு சுப்ரபாதமும் – மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம்

மூணு மாசத்துல அஞ்சு தடவ போய்ட்டு வந்துட்டேன், அதனால இப்ப தைரியமா எழுதலாம். கடைக்கு போர்டு கிடையாது. டவுன்ஹால் ரோட்ல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல மாடில இருக்கு, படி ரொம்ப செங்குத்து, முட்டி வலி இருக்கவங்க கைப்பிடிய புடிச்சுக்கிட்டே ஏறுங்க. மேல போனா ஒரே ஒரு ரூம், சுவர் முழுக்க ரெக்கார்டு, நடுவுல ஒரு மேஜை, அதுல ரெண்டு பிளேயர், ஒரு டியூப் லைட்டு. அந்த டியூப் லைட்டு எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

நான் போனது அம்மாவுக்காக. எங்க வீட்ல எம்.எஸ். சுப்புலட்சுமி பாடுன சுப்ரபாதத்த நாலு தடவ காசு குடுத்து வாங்கிருக்கோம். மொதல்ல அப்பா வாங்கின எல்பி, அதாவது பெரிய ரெக்கார்டு தட்டு, அது எழுபதுகள்ல. அப்புறம் டேப் ரெக்கார்டர் வந்தப்ப கேசட், அந்த கேசட் நாடா சிக்கி சிக்கி பென்சில் வச்சு சுத்தி சுத்தி கடைசில அறுந்தே போச்சு. அப்புறம் சிடி. அதுக்கப்புறம் போன்ல மாசக் காசு கட்டி கேக்குறோமே, அதயும் சேத்தா நாலு. ஒரே பாட்டு, ஒரே குரல், ஒரு குடும்பம் அம்பது வருஷமா திரும்பத் திரும்ப காசு குடுத்துக்கிட்டே இருக்கு. ஒரு பாடகியோட ரெக்கார்டு இத்தன வருஷமா எப்படி விக்குதுன்னு யாராச்சும் கேட்டா எனக்கு எங்க வீட்டு அலமாரிதான் ஞாபகம் வரும். எந்த சினிமா பாட்டையும் நாங்க நாலு தடவ வாங்கல.

அப்பாவோட பழைய பிளேயர தம்பி தூசி தட்டி எடுத்து வச்சான், எல்பி தான் எங்கயோ வீடு மாத்துறப்ப காணாம போச்சு. அம்மா "போன்ல கேக்குறது நல்லாத்தான்டி இருக்கு, ஆனா அதுல வர்ற மாதிரி இல்ல"ன்னு ஒரு நாள் சொன்னாங்க, அத மனசுல வச்சுக்கிட்டு முதல்ல ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். போட்டோல பளபளன்னு இருந்துச்சு, வந்து பாத்தா அப்பளம் மாதிரி வளைஞ்சு இருக்கு, வெயில்ல வச்சிருந்திருப்பாங்க போல, முள்ளு ஏறி எறங்குது. திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு. ஆயிரத்து இருநூறு ரூபா போச்சு, கடுப்புதான். அதனால சொல்றேன், ரெக்கார்ட கைல புடிச்சு பாக்காம வாங்காதீங்க.

இந்தக் கடைக்கு போய் "அண்ணே சுப்ரபாதம் இருக்கா"ன்னு கேட்டேன். அவரு உடனே எடுத்து நீட்டல. "ஏம்மா, கேக்குறதுக்கா இல்ல ஃபிரேம் போட்டு மாட்டுறதுக்கா"ன்னு கேட்டாரு. கேக்கத்தான் அண்ணேன்னதும் ஏழு காப்பி எடுத்து மேஜைல வரிசையா வச்சாரு. ஏழும் சுப்ரபாதம். ஒவ்வொண்ணா உறையில இருந்து உருவி ஓரத்த ரெண்டு உள்ளங்கையில தாங்கி டியூப் லைட்டுக்கு கீழ லேசா சாய்ச்சு காட்டுனாரு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி கருப்பு, முகம் தெரியுது. திருப்புனா மறுபக்கம், அதாவது சுப்ரபாதம் இருக்க பக்கம், சாம்பல் பூத்த மாதிரி மங்கிப் போய் கெடக்கு. ஏழுலயும் அதே கதை. அந்த இருபது நிமிஷப் பக்கத்த மட்டும் விடிய விடிய போட்டு போட்டு தேய்ச்சிருக்காங்க, திருப்பிப் போட்டவங்களே கம்மி.

அப்ப அவரு சொன்னது எனக்கு அப்படியே நின்னுருச்சு. "அதிகமா வித்த ரெக்கார்டுதாம்மா நல்ல கண்டிஷன்ல கெடைக்காது." யோசிச்சுப் பாருங்க, வித்த கணக்கு கம்பெனி புஸ்தகத்துல இருக்கலாம், ஆனா அந்த ரெக்கார்டு வீட்ல எத்தன தடவ ஓடுச்சுங்கறது அதுல முள்ளு ஓடுற கோட்டுல தான் இருக்கு. அந்தக் கால பிளேயர்ல முள்ளு வெயிட்டா உக்காரும், அத வருஷக்கணக்கா மாத்தவும் மாட்டாங்க, தினம் காலைல ஒரு தடவ போட்டா வருஷத்துக்கு முன்னூத்தி அறுவத்தஞ்சு தடவ உரசும். சினிமா ஹிட்ஸ் எல்பிங்க பக்கத்து ரேக்குல இருக்கு, அதெல்லாம் ரெண்டு பக்கமும் சமமா லேசா கீறி இருக்கு, அவ்வளவுதான்.

ஏழாவது காப்பி தான் என்னால மறக்க முடியல. உறைல வலது மூலைல குங்குமம் பட்ட கட்டைவிரல் தடம். ஊதுபத்தி பட்டு பொத்தலான ஒரு எடம். மோந்து பாத்தா இன்னும் சாம்பிராணி வாசன லேசா வருது. பின்னட்டைல பால்பாயிண்ட் பேனால "புரட்டாசி" ன்னு எழுதி கீழ சனிக்கிழம சனிக்கிழமயா டிக் போட்டிருக்காங்க, ஒரு வருஷம் இல்ல, பதினொரு வருஷத்துக்கு. கடைசி வருஷத்துல ரெண்டு டிக்கோட நின்னுருச்சு. யார் வீடுன்னு தெரியல, அண்ணனுக்கும் தெரியல, மொத்தமா ஒரு மூட்டைல வந்ததுன்னாரு.

இந்த ரெக்கார்டு 1963ல எச்எம்வி கம்பெனி போட்டது. பாட்டு பதினஞ்சாம் நூற்றாண்டுல பிரதிவாதி பயங்கரம் அண்ணன்ங்கறவரு செஞ்சது. இதோட ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்தோட வேத பாடசாலைக்கு போற மாதிரி எம்.எஸ். அம்மா எழுதி வச்சுட்டாங்க. வித்துக்கிட்டே இருக்கற ஒரு பொருளோட வருமானத்த அப்படியே விட்டுக் குடுக்கறதுன்னா சாதாரணமா சொல்லிட்டு போயிடறோம், அந்தம்மா வீட்லயே பின்னாடி காசு கஷ்டம் வந்தது, அப்ப 1979, 80 வாக்குல தேவஸ்தானமே முன்வந்து அஞ்சு எல்பியா பாலாஜி பஞ்சரத்னமாலா பாட வச்சாங்க. அன்னமாச்சார்யா கீர்த்தனை எல்லாம் நம்ம வீட்டுக்குள்ள வந்ததுல அந்த செட்டுக்கு பெரிய பங்கு இருக்கு. கடைல அஞ்சுல ரெண்டு தான் இருந்துச்சு, அஞ்சும் சேந்து வந்தா ஒரே நாள்ல போயிடுமாம்.

இங்க இருந்து நடந்து போற தூரத்துல தான் அனுமந்தராயன் கோவில் தெரு, எம்.எஸ். பொறந்து வளந்த வீடு. 1926ல பத்து வயசுல அம்மா சண்முகவடிவு வீணை வாசிக்க முதல் இசைத்தட்டு குடுத்த பொண்ணு, 1966ல ஐநா சபைல பாடி, 1998ல பாரத ரத்னா வாங்கி, 2004ல காலமானாங்க. போயி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் கடைல இருந்த ஒரு மணி நேரத்துலயே மூணு பேர் வந்து எம்.எஸ். கேட்டாங்க. அதுல ஒருத்தரு இருவத்தஞ்சு வயசு கூட இருக்காது, வஜ்ராசனத்துல உக்காந்த மாதிரி தரையில உக்காந்து பஜ கோவிந்தம் எல்பி தேடிக்கிட்டு இருந்தாரு, அதுல ஆரம்பத்துல ராஜாஜி இங்கிலீஷ்ல பேசுறது வருமே, அந்தப் பேச்ச ரெக்கார்டுல கேக்கணுமாம்.

எம்.எஸ். மட்டும் இல்ல. அண்ணன் அந்தக் காலத்துல மைக்செட் வச்சிருந்தவரு, அதனால அவருக்கு எந்த மாசம் எந்தக் குரல் கேப்பாங்கன்னு அத்துப்படி. ஆடி பொறந்தா எல்.ஆர். ஈஸ்வரி. செல்லாத்தா செல்ல மாரியாத்தா இல்லாம ஒரு கூழ் ஊத்துற எடம் கிடையாது. அந்தப் பாட்டோட ஈபி, அதாவது சின்ன ரெக்கார்டு, ஒண்ணு காட்டுனாரு, நடு லேபிள்ல மைக்செட் காரங்க ஆயில் பெயிண்ட்ல நம்பர் எழுதிருக்காங்க, மாத்தி எடுத்துட்டு போயிரக் கூடாதுன்னு. கோடெல்லாம் வெள்ளையாவே ஆயிருச்சு. ஈஸ்வரி சினிமால பாடுன, 1968ல வந்த எலந்தப்பழம் பாட்டெல்லாம் அப்ப ஊரே பாடுச்சு, ஆனா வருஷா வருஷம் திரும்பி வர்றது அம்மன் பாட்டு தான். சஷ்டி, செவ்வாக்கெழம வந்தா சூலமங்கலம் சகோதரிகள் கந்த சஷ்டி கவசம். வேற எத்தனையோ பேர் கவசம் பாடியாச்சு, எங்க தெருவுல இன்னிக்கும் காதுல விழுறது அந்த ரெண்டு பேர் குரல் தான்.

சினிமா பாடகிகள் கதை கொஞ்சம் வேற, அத அந்த ரேக்குல நின்னா கண்ணாலயே பாக்கலாம். உறை முன்னாடி ஹீரோ மூஞ்சி, பாடுனவங்க பேரு பின்னாடி பொடி எழுத்துல. லதா மங்கேஷ்கருக்கே 1949ல மகல் படப் பாட்டு ரெக்கார்டுல படத்துல வர்ற கேரக்டர் பேர காமினின்னு தான் போட்டாங்க, பாடுனது யாருன்னு ரேடியோவுக்கு ஜனங்க கேட்டு கேட்டுத்தான் பேரே வெளிய வந்துச்சு. பி. சுசீலாம்மா ஆறு மொழிக்கு மேல பாடுன 17,695 பாட்ட கணக்கெடுத்து 2016ல கின்னஸ்ல போட்டாங்க. அம்புட்டு பாட்டு பாடுனவங்க ரெக்கார்ட இங்க தேடணும்னா அவங்க பேர்ல தேட முடியாது, எல்லா கடைலயும் எம்ஜிஆர் ஹிட்ஸ், சிவாஜி ஹிட்ஸ்னு அடுக்கி வச்சிருப்பாங்க. இந்தக் கடைய நான் இவ்வளவு நீளமா எழுதறதுக்கு முக்கிய காரணமே இதுதான், இந்த அண்ணன் பாடுனவங்க பேர்ல அடுக்கி வச்சிருக்காரு. சுசீலா, ஜானகி, வாணி ஜெயராம், ஜிக்கி, ஜமுனா ராணி, கே.பி. சுந்தராம்பாள்னு அட்டைல ஸ்கெட்ச் பேனால எழுதி சொருகிருக்காரு. ஜானகியம்மா அட்டைக்கு பின்னாடி பதினாறு வயதினிலேயும் தேவர் மகனும் அடுத்தடுத்து இருக்கு, ரெண்டுமே அவங்களுக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்த படம், நடுவுல பதினஞ்சு வருஷம். வாணி ஜெயராம் 2023 பிப்ரவரில தவறினப்ப ஒரே வாரத்துல அந்த அட்டைக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லாம போச்சாம், இப்ப தான் மறுபடி நாலஞ்சு சேந்துருக்கு.

சுந்தராம்பாளோட, அதான் கே.பி.எஸ்.ஸோட, 78 ரெக்கார்டுங்க, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டுங்க, ஒரு தனி பெட்டில இருக்கு. 1935லயே நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் சம்பளம் வாங்குன குரல். ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம் தான் ஓடும், எனக்காக ஒண்ணு போட்டுக் காமிச்சாரு, இரைச்சலுக்கு மேல அந்தக் குரல் எழும்பி வந்து ரூமே அடங்கிப் போச்சு. மைக்கே இல்லாம நாடகக் கொட்டாய்ல கடைசி வரிசைக்கு கேக்குற மாதிரி பாடிப் பழகுன தொண்டை.

குறைன்னா சொல்லியே ஆகணும். அந்த 78ங்கள படுக்க வச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிருக்காரு, அரக்குல செஞ்ச தட்டு அது, கீழ இருக்கறது வெடிச்சுரும், என் கண்ணு முன்னாடியே ஒண்ணு பாதியா இருந்துச்சு. நிக்க வைங்கண்ணேன்னு சொன்னேன், எடம் இல்லம்மாங்கறாரு. வெல ஒரே மாதிரி இல்ல, ஆள பாத்து கொஞ்சம் முன்ன பின்ன சொல்றாரு, கேட்டா கொறைப்பாரு. சனிக்கெழம சாயங்காலம் போனா போட்டுக் கேக்கவே விட மாட்டாரு, கூட்டம். வார நாள்ல பதினொரு மணிக்கு மேல போங்க. கார் நிறுத்த வழியே இல்ல. ஜிபே உண்டு.

சர்வீஸ் நல்லா பண்றாரு. எங்க பிளேயருக்கு பெல்ட்டும் முள்ளும் மாத்துனாரு, எல்லாம் சேத்து ஆயிரத்து நானூறு, பழைய முள்ள லென்ஸ்ல காமிச்சு "இத வச்சு போட்டா புது ரெக்கார்டும் ஒரு மாசத்துல போயிரும்"னு வெளக்குனாரு. ரெக்கார்டு கழுவித் தர்றதுக்கு ஒண்ணுக்கு அம்பது ரூபா, லேபிள்ல தண்ணி படாம ஒரு மூடி வச்சு அமுக்கிக்கிட்டு பேட்டரிக்கு ஊத்துற தண்ணில கழுவுறாரு, கொழா தண்ணில கழுவுனா உப்பு படிஞ்சு அதுவே சடசடன்னு கேக்குமாம்.

எனக்கு அந்த ஏழுல எதுவும் சரி வரல. "ரெண்டு வாரம் பொறும்மா"ன்னாரு. பதினாறாம் நாள் போன் பண்ணாரு. காரைக்குடி பக்கம் ஒரு வீட்ல இருந்து வந்த காப்பி, ரெண்டு பக்கமும் கண்ணாடி. ஆயிரத்து நூறு சொன்னாரு, நான் பேரம் பேசல. வித்தியாசத்த அங்கயே போட்டுக் காட்டுனாரு. தேஞ்ச காப்பில "கௌசல்யா சுப்ரஜா"ல அந்த சு வர்ற எடத்துல உஸ்ஸுன்னு உமி ஊதுற மாதிரி ஒரு கரகரப்பு, மொத்தமா ஒரே குரலா கேக்குது. இந்த நல்ல காப்பில தம்புரா தனியா நிக்குது, எம்.எஸ். குரலுக்கு ஒரு ஓரமா கூடப் பாடுற அவங்க மக ராதா விஸ்வநாதன் குரல் தனியா தெரியுது. இத்தன வருஷமா கேட்ட பாட்டுல ரெண்டாவதா ஒரு பொண்ணு கூடவே பாடிட்டு வர்றாங்கன்னு எனக்கு இப்ப தான் காதுல விழுந்துச்சு.

அந்த குங்கும உறைய மட்டும் தருவீங்களாண்ணேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு உள்ள இருந்த தேஞ்ச தட்டோட சேத்தே குடுத்துட்டாரு, காசு வாங்கல. வீட்ல அம்மா புது தட்ட பழைய உறைல போட்டு வச்சிருக்காங்க, டிக் போட்ட பக்கம் வெளிய தெரியற மாதிரி.

வாங்கணும்னு இருக்கறவங்க புரட்டாசிக்கு முன்னாடியே போயிருங்க, ஆவணி கடைசில இருந்தே சுப்ரபாதம் கேட்டு ஆள் வர ஆரம்பிச்சுருவாங்களாம், மார்கழிக்கும் அதே தான். நான் அடுத்து டி.கே. பட்டம்மாள் பாடுன பாரதியார் பாட்டு 78 ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், வந்தா கண்டிஷன் எப்படின்னு எழுதறேன்.