ஏர் ரைபிள் கட்டைக்கு லின்சீட் எண்ணெய்: அழகு சரி, ஈரம் தாங்குமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பொறுமை இருப்பவர்கள் காரணத்தைப் படித்துக்கொள்ளலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் எண்ணெய் ஏர் ரைபிளின் மரக்கட்டைக்கு அருமையான நிறத்தைக் கொடுக்கிறது. ஆனால் அதை மட்டும் பூசிவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கட்டை தயார் என்று நம்பினால் ஏமாற்றம்தான். அழகுக்கு ஐந்துக்கு நாலு, ஈரம் தடுப்பதற்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் இரக்கப்பட்டுப் போட்டது.

என்னுடையது ஸ்பிரிங் வைத்த சாதாரண .177 (அங்குலக் கணக்கு, அதாவது 4.5 மி.மீ.) ரைபிள். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை என்ற வகை. கம்பெனியில் அடித்த சிவப்பு வார்னிஷ், கன்னம் வைக்கும் இடத்திலும் கைப்பிடியிலும் திட்டுத்திட்டாக உரிந்து, உள்ளே வெளிறிய மரம் தெரிந்துகொண்டிருந்தது. வீடு சென்னையில், கடல் காற்று வந்து போகும் தூரத்தில். இங்கே இரும்புக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், மரத்துக்கு என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாட்டில் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்குவதில் கட்டையையும் குழலையும் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்துவிடும், ஸ்பிரிங் ரைபிளின் உதறல் வேறு அதற்கு உதவி செய்யும். குண்டு இடம் மாறி விழ ஆரம்பித்ததும் நாம் ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எண்ணெய்க்கு முந்தைய வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் புதுமை ஒன்றும் இல்லை, எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். முதலில் திருகுகளைக் கழற்றி இரும்புப் பாகம் மொத்தத்தையும் தனியாக எடுத்துவிட வேண்டும். கட்டையோடு வைத்துக்கொண்டே பூசினால் எண்ணெய் கசிந்து காற்றறைக்குள் போக வழி இருக்கிறது, அங்கே எண்ணெய் அழுத்தத்தில் சூடாகிப் பற்றி டமார் என்று வெடிக்கும், சீலும் ஸ்பிரிங்கும் பாழ். பழைய வார்னிஷுக்குப் பெயின்ட் ரிமூவர், அதையும் மொட்டை மாடியில் கையுறை போட்டுக்கொண்டு. பிறகு உப்புத்தாள்: 120-இல் தொடங்கி 180, 240, 320 என்று ஏறிப் போவது, எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேய்ப்பது. இரும்பு வந்து உட்காரும் விளிம்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே தேய்ந்துவிட்டால் இரும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. கைப்பிடியில் வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய செக்கரிங் கோடு இருந்தால் உப்புத்தாளே ஆகாது, பழைய டூத் பிரஷ் போதும்.

பள்ளங்களுக்கு மட்டும் ஒரு தனி வரி. மரம் நசுங்கியிருந்தால் ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியின் முனையை வைத்தால் ஆவி ஏறி நார் திரும்ப எழுந்துவிடும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். வெட்டுப்பட்ட பள்ளம் எழாது. இந்த ஈரத்திலேயே மரத்தின் மேல் மெல்லிய முடிபோலத் தும்புகளும் எழுந்து நிற்கும், காய்ந்ததும் 320-ஆல் லேசாக வருடிவிட்டால் பிறகு எண்ணெய் போடும்போது சொரசொரப்பு வராது.

சரி, எண்ணெய்க்கு வருவோம். லின்சீட் என்பது ஆளி விதை எண்ணெய்தான். கிரிக்கெட் பேட்டுக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும், ஆனால் பேட்டுக்குப் போடுவது எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய், அது கட்டையில் காய்வதற்குள் பொறுமை போய்விடும். டபுள் பாயில்டு வகையில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் ஆவியாவதுபோல இந்த எண்ணெய் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அதனால் காற்றோட்டம் முக்கியம், மூடிய அறையில் வைத்தால் அப்படியே கிடக்கும். முதல் பூச்சுக்குப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து மரம் குடிக்கிற அளவு குடிக்க விடுவது, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதை ஒட்டத் துடைத்துவிடுவது. அடுத்த பூச்சுகள் நான்கைந்து சொட்டு எண்ணெய், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்ப்பது, மறுபடியும் துடைப்பது. துடைக்காமல் விட்ட இடம் பிசுபிசுவென்று பிசின் மாதிரி நின்று தூசி பிடிக்கும்.

நிறம் வந்த விதத்தைக் குறை சொல்லவே முடியாது. வெளிறிய மரத்தில் தேன் நிறம் ஏறி, ரேகைகள் எல்லாம் அடியிலிருந்து எழுந்து வந்தன. கையில் பிடித்தால் பிளாஸ்டிக் உறை இல்லாமல் மரத்தையே பிடிக்கிற உணர்வு. வருஷம் ஏற ஏற இன்னும் கருக்கும், அதுவும் எனக்குப் பிடித்ததுதான். நம் ஊர்ப் போலீஸ் கையில் பல காலம் இருந்த .303 என்பீல்டு ரைபிள்களின் கட்டைக்கும் பச்சை லின்சீட்தான். அந்தக் கருப்பு கலந்த சிவப்பைப் பார்த்தவர்களுக்கு வேறு எந்தப் பாலிஷும் அப்புறம் பிடிக்காது. ஆனால் அவை படைக்கலக் கொட்டடியில் இருந்தவை, திரும்பத் திரும்ப எண்ணெய் தேய்க்க ஆள் இருந்தது. நம் வீட்டில் அந்த ஆள் நாமேதான்.

குறை எங்கே என்றால், லின்சீட் காய்ந்த பிறகும் ஈரக் காற்றை உள்ளே விடும். மேலே சிந்திய தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து வாட்டர்புரூஃப் ஆகிவிட்டது என்று மகிழ்வார்கள். நிற்கிற தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை, துடைத்தால் போச்சு. நாள்கணக்கில் காற்றில் இருக்கிற ஈரம்தான் மரத்துக்குள் போகிறது. அமெரிக்காவில் மேடிசன் நகரில் இருக்கும் அரசு மர ஆய்வுக்கூடம் பல வகைப் பூச்சுகளை ஈரக் காற்றில் வைத்துப் பார்த்ததில், இரண்டு வாரம் போனதும் லின்சீட் பூசிய மரத்துக்கும் பூசாத மரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உருக்கிய பாரபின் மெழுகில் முக்கிய மரம்தான் முன்னே நின்றது. துப்பாக்கியை மெழுகில் முக்கி எடுக்க முடியாது என்பது வேறு விஷயம். போதாக்குறைக்கு, புழுங்கும் மாதங்களில் பூஞ்சைக்கு இந்த எண்ணெய் நல்ல சாப்பாடு. துணி உறையில் மூடி பீரோவுக்குள் வைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதனால் மேலே இன்னொன்று வேண்டும். பர்ச்வுட் கேசி என்ற கம்பெனியின் ட்ரூ ஆயில் துப்பாக்கிக் கட்டைக்கென்றே அமெரிக்காவில் செய்வது, கிடார் செய்பவர்களும் கழுத்துப் பகுதிக்குப் போடுகிறார்கள். லின்சீட்டும் வார்னிஷும் கலந்த மாதிரி நடந்துகொள்ளும், சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், பூச்சு ஏற ஏற மேலே மெல்லிய படலம் கட்டும். லின்சீட் நன்றாகக் காய்ந்தபின் அதன் மேல் விரலால் தடவிக்கொண்டே போனால் இரண்டின் நன்மையும் கிடைக்கிறது. பளபளப்பு அதிகம் என்று தோன்றினால் 0000 என்ற மிக நைசான ஸ்டீல் உல்லால் (இரும்புப் பஞ்சு) மட்டுப்படுத்தலாம். இங்கே இறக்குமதிச் சரக்கு, சின்ன பாட்டிலுக்கே லின்சீட்டைவிடப் பல மடங்கு விலை. திறந்த பாட்டிலில் மேலே ஆடை கட்டிவிடும், அதனால் தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உடனே மூடுங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்கள் பர்னிச்சருக்கு அடிக்கிற பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷைத் தாராளமாகப் போடலாம். ஈரம் தடுப்பதில் அது ட்ரூ ஆயிலுக்குக் குறைந்ததல்ல, ஆனால் ஒரு கீறல் விழுந்தால் ஒட்டுப்போட முடியாது, டீப்பாயைத் தோளில் வைத்துச் சுடுகிற மாதிரியும் இருக்கும். டங் மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் என்று இணையத்தில் விற்பவற்றில் பாதிக்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. லேபிளில் ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர்த்த வார்னிஷ்தான், சுத்தமான எண்ணெய் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதைப் பூசினாலும், வெளியே தெரிகிற இடத்தைவிடத் தெரியாத இடம் முக்கியம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். தோளில் வைக்கும் ரப்பரைக் கழற்றினால் மரத்தின் வெட்டு முகம் பூச்சே இல்லாமல் இருக்கும். ஈரம் அதிவேகமாக உள்ளே போகும் கதவு அதுதான். குழல் உட்காரும் குடைவு, திருகு ஓட்டைகள், முன்நுனி எல்லாமே அப்படித்தான். கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் அங்கே ஒன்றும் பூசுவதில்லை. இந்த இடங்களுக்கு லின்சீட்டை விட்டுவிட்டு நேராக ட்ரூ ஆயிலோ பி.யூ.வோ, குடிக்காமல் நிற்கும்வரை பூசுங்கள். கடைசியாக மொத்தத்துக்கும் தேன்மெழுகு அல்லது கார்னௌபா (ஒருவகைப் பனையின் மெழுகு) கலந்த மெழுகு ஒரு தேய்ப்பு, அதை வருஷா வருஷம் புரட்டாசியில் மழைக்கு முன்னால் திரும்பச் செய்தால் போதும்.

எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காயும்போது இந்த எண்ணெய் சூடு கிளப்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இப்படி விட்டுவைத்த லின்சீட் துணிகளால்தான். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்துபோனார்கள். துணியைத் தண்ணீரில் முக்கி வையுங்கள், இல்லை கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிட்டு அப்புறம் தூக்கிப்போடுங்கள்.

வாங்கும்போது ஒரு கவனம். நான் முதலில் வாங்கிய டின்னில் இருந்தது நல்ல வெயிலிலும் இறுகவே இல்லை, மலிவான வேறு எண்ணெய் ஏதோ கலந்திருந்திருக்க வேண்டும், கடை பெயர் வேண்டாம். அதன்பிறகு எந்த டின் வாங்கினாலும் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து வெயிலில் வைத்துப் பார்க்கிறேன், இறுகினால்தான் கட்டைக்குப் போகும். ஒரு கட்டைக்கு 100 மில்லி தாராளம். கடைக்காரர் ஒரு லிட்டர் டின்னைத் தலையில் கட்டப் பார்ப்பார், சின்ன பாட்டிலாகவே கேளுங்கள், திறந்துவிட்ட டின் நாளடைவில் கெட்டியாகிவிடும்.