மனையா, பண்ணைத் துண்டா, முழு ஏக்கரா?

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சென்னைக்காரர்கள் கிளம்பும் திசைகள் தெரிந்தவைதான்: மதுராந்தகம், உத்திரமேரூர், ஊத்துக்கோட்டை, கொஞ்சம் துணிந்தால் திண்டிவனம். போன இடத்தில் புரோக்கர் மூன்று விதமாகக் காட்டுவார். ஒன்று, அப்ரூவ்டு லேஅவுட்டில் மனை. இன்னொன்று, கேட் போட்டு மாங்கன்று நட்டு பத்து சென்ட், இருபது சென்ட் என்று விற்கும் ‘பண்ணை நிலம்’. மூன்றாவது, விவசாயக் குடும்பம் ஒன்று மொத்தமாகக் கொடுக்கும் ஒரு ஏக்கர் புஞ்சை. சென்ட் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் மனை விலை அதிகம், ஏக்கர் குறைவு, பண்ணைத் துண்டு நடுவில். சட்டச் சிக்கல் இந்த வரிசையில் வருவதில்லை. என் பார்வையில் நடுவில் இருப்பதுதான் மோசமான பேரம்.

மனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் பேங்க் லோன் கிடைக்கும், வீடு கட்ட பிளான் கிடைக்கும், நாளைக்கு விற்பதும் சுலபம். டிடிசிபி அனுமதி இல்லாமல் ஊராட்சித் தலைவர் கையெழுத்தை மட்டும் காட்டி ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்றால் நகர்ந்துவிடுங்கள். பழைய அங்கீகாரமில்லா மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்குள் பதிவானதா, 2017 விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

இனி பண்ணைத் துண்டு. சட்டத்தின் கண்ணில் இது விவசாய நிலம், மனை அல்ல. அனுமதி வாங்காமல் விவசாய நிலத்தை வீட்டு மனையாக்கி விற்கும் பத்திரத்தைப் பதியக்கூடாது என்கிறது பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு. அதனால்தான் பத்திரத்தில் மனை என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். ‘விவசாய உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள். வழவழப்பான நோட்டீஸில் அகலமான தார்ச்சாலை, கிளப் ஹவுஸ், நீச்சல் குளம் எல்லாம் இருக்கும். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தைப் படித்துப் பாருங்கள்: ‘புஞ்சை, சர்வே எண் இன்னது, விஸ்தீரணம் ஏக்கர் 0.20’. நான்கெல்லையில் கிழக்கே ‘பாதை’ என்று ஒற்றைச் சொல். அகலம் எத்தனை அடி, யார் போகலாம், வண்டி போகலாமா, எதுவும் இருக்காது. பட்டாவை எடுத்தால் அந்தப் பாதை விற்றவர் பெயரிலேயே நிற்கும். லேஅவுட்டில் சாலை உள்ளாட்சிக்குப் போய்விடுகிறது. இங்கே அப்படி இல்லை. அவர் அதை அடமானம் வைக்கலாம், பக்கத்து நிலத்தோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். அப்போது நீங்கள் வழி உரிமைக்காக முன்சீப் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

அடுத்தது பட்டா. ஒரே சர்வே எண்ணில் நாற்பது பேருக்குத் துண்டு துண்டாக எழுதிக் கொடுத்துவிட்டு உட்பிரிவை வாங்குபவர் தலையில் கட்டிவிடுவார்கள். சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, புது உட்பிரிவு எண் கொடுக்கும்வரை எல்லாரும் கூட்டுப் பட்டாவில்தான். உங்கள் இருபது சென்ட் எங்கே என்பதற்கு விற்றவர் கொடுத்த பிளானைத் தவிர அரசு வரைபடத்தில் ஆதாரம் இருக்காது. விற்பவரே பவர் ஏஜென்டாக (சொந்தக்காரர் சார்பில் விற்க அதிகாரப் பத்திரம் வாங்கியவராக) இருந்தால் இன்னொரு கேள்வி: பவர் கொடுத்த நிலச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த நாளோடு சாதாரண பவர் முடிந்துவிடும். பவர் பத்திரத்தையே கிரயம் மாதிரி கைமாற்றிக்கொள்வதும் செல்லாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விற்க நினைக்கும்போது எல்லாம் சேர்ந்து வரும். வாங்க வருபவருக்கு லோன் கிடைக்காது, வீடு கட்டவும் வழி தெளிவாக இல்லை. மாமரம் மட்டும் வளர்ந்திருக்கும், தண்ணீர் ஊற்றியிருந்தால்.

முழு ஏக்கரில் பிரச்சினை வேறு மாதிரி. பிரச்சினை நிலத்தில் குறைவு, குடும்பத்தில் அதிகம். அண்ணன் தம்பி மூவர் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பார்கள், தங்கச்சி பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். ‘அதுக்கு அப்பவே நகை போட்டு கட்டிக் குடுத்தாச்சு சார்’ என்பார்கள். நகைக்கும் பங்குக்கும் சம்பந்தமில்லை. இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம், உயில் இல்லாமல் அவர் இறந்தார் என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குப் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது தப்பிக்கும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வாரிசுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தலை எண்ணுங்கள். மைனர் பெயரில் சொத்து இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் பதியாத உயிலையோ விடுபட்ட வாரிசையோ அது காட்டாது.

நிலத்தைப் பொறுத்தவரை எஃப்எம்பியும் (சர்வே எண்ணின் புல வரைபடம்) ‘அ’ பதிவேடும் (கிராமத்தின் நில விவரப் பதிவேடு)தான் பேசும். வரப்பு ஓரமாக டிராக்டர் போவதைக் காட்டி ‘வழி இருக்கு’ என்பார்கள். வரைபடத்தில் அங்கே கோடே இருக்காது. பக்கத்துக்காரர் தயவில் ஓடுகிற வழி அது. அவர் அனுமதியோடு போய்க்கொண்டிருந்தால் எத்தனை வருடமானாலும் உரிமையாகாது. உரிமையாகத் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால்தான் 20 வருடக் கணக்கே வரும். செங்கல்பட்டுப் பக்கம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1892-ல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்குக் காரணமான அறிக்கையை எழுதிய டிரெமென்ஹீர் இந்த மாவட்டத்தின் கலெக்டர்தான். பட்டியல் சாதியினருக்கென்று நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலத்தை, இன்று யார் பெயரில் பட்டா ஓடினாலும் வாங்காதீர்கள். ஏரி, வாய்க்கால், கோவில், மேய்க்கால் நிலங்களும் அப்படியே.

ஏக்கரை வாங்கிப் பின்னால் மனையாகப் பிரித்து விற்கலாம் என்ற கனவு பலருக்கு உண்டு. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 3,000-ஐத் தாண்டினால் லேஅவுட்டில் திறந்தவெளிக்கு 10 சதவீதம் விட வேண்டும், அல்லது இந்த அளவுக்கு அதற்கான மதிப்பைக் கட்டலாம். 500 சதுர மீட்டரைத் தாண்டியதால் ரெராவும் வரும். சாலைக்குப் போகிற இடம் வேறு. பிள்ளைகளுக்கு விவசாய நிலமாகவே பாகம் பிரித்துக் கொடுப்பது இதைவிட எவ்வளவோ எளிது.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை: மூன்றுக்கும் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டில் குடியிருக்கும் மகன் பெயரில் வாங்க நினைக்காதீர்கள். அவருக்கு மனை வாங்கலாம், விவசாய நிலம் கூடாது. விற்கும்போது, நகராட்சி எல்லையிலிருந்து போதிய தூரத்தில் உள்ள கிராம விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, மனைக்கு உண்டு.

வீடு கட்டும் எண்ணம் இருந்தாலோ, பத்து வருடத்துக்குள் பணம் தேவைப்படும் என்றாலோ மனைதான், சின்னதாக இருந்தாலும். ஊரில் போய் உட்கார ஆள் இருந்து, பத்திரம் பார்க்க ஒரு வக்கீலும் இருந்தால் ஏக்கர். அப்படி ஏக்கருக்குப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: அரசு சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, விற்பவர் பெயரில் தனிப்பட்டா வாங்கிய பிறகே கிரயம். செலவை நீங்களே ஏற்றாலும் பரவாயில்லை. மூன்று மாதம் இழுக்கும், புரோக்கர் தினமும் ‘வேற பார்ட்டி வெயிட் பண்றாங்க’ என்பார். வெயிட் பண்ணட்டும்.