விவரப்பட்டியல் சொன்னதும் சொல்லாததும்: ஒரு மடிக்கணினியின் நாள்பட்ட பயன்பாடு

இன்டெல் கோர் ஐ5-1235யு செயலி, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 15.6 அங்குல முழு எச்டி திரை என்ற விவரங்களோடு வந்த மடிக்கணினி ஒன்றைச் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். நூல்களுக்குப் பக்கம் வடிவமைப்பதும் ஒளிப்படங்களைத் திருத்துவதும் என் முதன்மை வேலை. அவ்வப்போது காணொளித் தொகுப்பும் உண்டு. வாங்கிய புதிதில் எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் வேகச் சோதனை மதிப்பெண்களோடு நின்றுவிடுகின்றன. விவரப்பட்டியலின் எந்த வரி நாளடைவில் வேலையைத் தொட்டது, எந்த வரி பெயரளவில் நின்றது என்பதே இங்கு நான் எழுத விரும்புவது.

செயலியில் 10 கோர்கள் (தனித்தனியே இயங்கும் கணக்கீட்டுப் பகுதிகள்) என்றுதான் விளம்பரம் சொல்லும். அவற்றில் வேகத்துக்கான பெரிய கோர்கள் 2 மட்டுமே; மீதமுள்ள 8 மின்சிக்கனத்துக்கான சிறிய கோர்கள். பெரிய கோர் ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட்களையும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) சிறியது ஒன்றை மட்டும் இயக்கும் என்பதால் மொத்தம் 12 த்ரெட்கள். கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் 4.4 கிகாஹெர்ட்ஸ் என்பது பெரிய கோர் எட்டக்கூடிய உச்சம். அதன் அடிப்படை வேகமோ 1.3 கிகாஹெர்ட்ஸ்தான், சிறிய கோருக்கு அதுவும் 0.9. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே செயலி எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது வாட் கணக்கு. பெயரின் கடைசி எழுத்து காட்டுவதுபோல் யு வரிசையைச் சேர்ந்த இந்தச் செயலியின் அடிப்படை மின்திறன் 15 வாட், உச்சம் 55 வாட். அதே 12-ஆம் தலைமுறையில் பி வரிசைக்கு அடிப்படை 28 வாட், எச் வரிசைக்கு 45 வாட். ஐ5 என்ற பெயர் மூன்றுக்கும் பொது என்பதால், பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

காணொளியை ஏற்றுமதி செய்யும்போது விண்டோஸின் கண்காணிப்புச் சாளரமான டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தால் இது கண்கூடாகத் தெரியும். தொடக்கத்தில் வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி நிற்கும். விசிறி இரையத் தொடங்கும். ஒரு நிமிடம் ஆவதற்குள் மின்திறன் வரம்பு குறுக்கிட, வேகம் படிப்படியாக இறங்கி, வேலை முடியும்வரை கீழேயே தங்கிவிடும். அந்த வரம்பை எவ்வளவு, எத்தனை நேரம் என்று நிர்ணயிக்கும் உரிமை மடிக்கணினி தயாரிப்பவருக்கு இருப்பதால், ஒரே செயலி மெல்லிய உடலில் ஒரு விதமாகவும் தடித்த உடலில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆயினும் பக்க வடிவமைப்பு, இணைய உலாவல், விரிதாள் ஆகியவற்றில் நான் இந்த இறக்கத்தை ஒருமுறையும் உணர்ந்ததில்லை. அவையெல்லாம் சில விநாடிகளில் முடியும் சிறு பாய்ச்சல்கள். அவற்றுக்கு இரண்டு பெரிய கோர்களே போதும்.

இன்டெலை விட்டு ஏஎம்டி நிறுவனத்தின் செயலிகள் பக்கம் போகிறவர்கள் வாட்டோடு பெயரில் உள்ள எண்ணையும் படிக்க வேண்டும். ரைசன் 7000 மடிக்கணினி வரிசையில் முதல் இலக்கம் விற்பனை ஆண்டையும் மூன்றாம் இலக்கம் கட்டமைப்பையும் குறிக்கும். ஆகவே 7520யு என்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு. 7530யு ஜென் 3. 7640யு ஜென் 4. மூன்றுமே ரைசன் 5 என்றுதான் விற்கப்படுகின்றன.

உண்மையான மாற்றத்தை நான் கண்டது ரேமில்தான். கணினி வந்தபோது ஒரே ஒரு 8 ஜிபி ரேம் இருந்தது. இன்னொரு ஸ்லாட் காலி. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்கான வேலைக்கும் இதே ரேமிலிருந்துதான் பங்கு போகும் என்பதால், கிடைப்பது எப்போதுமே 8-க்குக் குறைவு. முந்நூறு பக்க நூல் ஒன்றைப் படங்களோடு திறந்து, பக்கத்தில் உலாவியையும் வைத்திருந்தால், டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாடு 90 விழுக்காட்டைத் தாண்டும். ரேமில் இடம் போதாமல், சேமிப்பகமான எஸ்எஸ்டி இடைவிடாமல் எழுதிக்கொண்டிருக்கும். ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதெல்லாம் ஒரு திணறல் இருக்கும். அந்த நேரத்தில் செயலியின் பயன்பாடு 20 விழுக்காட்டைக்கூட எட்டியிருக்காது. கணினி மெதுவாகிவிட்டது என்று அடுத்த தலைமுறைச் செயலியைத் தேடும் பலருக்கும் உண்மையான தடை இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

அதே வகை 8 ஜிபி ஒன்றைக் காலி ஸ்லாட்டில் செருகியதும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே நிகழ்ந்தன. கொள்ளளவு 16 ஜிபி ஆனது ஒன்று. செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை ஒற்றைச் சேனலிலிருந்து இரட்டைச் சேனலானது மற்றொன்று. டிடிஆர்4-3200 ரேமில் ஒரு சேனல் 64 பிட் அகலம், அதாவது 8 பைட். நொடிக்கு 320 கோடி பரிமாற்றம் என்று வைத்துப் பெருக்கினால் 25.6 ஜிபி வரும். இரண்டு சேனல் என்றால் 51.2 ஜிபி. கணினியின் வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதுவரை ‘இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ்’ என்று காட்டிக்கொண்டிருந்த வரி, ரேம் செருகிய பிறகு ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று மாறியிருந்தது. சிப் அதேதான், இரட்டைச் சேனல் ரேம் இருந்தால் மட்டுமே அந்தப் பெயரைத் தரலாம் என்பது இன்டெல் வைத்திருக்கும் நிபந்தனை. எனவே ஐரிஸ் எக்ஸ்இ என்று விவரப்பட்டியலில் படித்துவிட்டு ஒற்றை ரேம் உள்ள கணினியை வாங்குகிறவருக்கு அந்தப் பெயர் திரையில் வராது, அதற்குரிய வேகமும் வராது. சாளரம் மாற்றும்போது இருந்த திணறல் நின்றதைக் கொள்ளளவின் கணக்கிலும், வெளித்திரையில் 4கே பக்கங்களை உருட்டும்போது இருந்த தடுமாற்றம் மறைந்ததைச் சேனலின் கணக்கிலும் நான் வரவு வைக்கிறேன்.

சில நிரல்கள் இதே ரேமை 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஒரு கடிகாரச் சுழற்சிக்கு இரண்டு பரிமாற்றம் நடப்பதால் 3200 என்பது பரிமாற்ற எண்ணிக்கை, 1600 என்பது கடிகாரம். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 எதிலும் விரைவானது என்ற எண்ணமும் பாதிதான் சரி. டிடிஆர்5-4800 சேனலுக்கு 38.4 ஜிபி தரும். ஆனால் முதல் தரவுக்கான காத்திருப்பு, காத்திருக்கும் கடிகாரச் சுழற்சிகளைச் சொல்லும் சிஎல் எண் 40 என்றால் ஏறத்தாழ 16.7 நானோ விநாடி. டிடிஆர்4-3200 சிஎல்22-இல் அது 13.75 நானோ விநாடி. மெல்லிய கணினிகள் பலவற்றில் வரும் மின்சிக்கன வகையான எல்பிடிடிஆர் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அங்கே பிறகு சேர்ப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. வாங்கும்போதே 16 ஜிபி வாங்கிவிட வேண்டும்.

எந்த வழியிலும் சரிசெய்ய முடியாமல் இன்றுவரை உறுத்துவது திரை. முழு எச்டி (1920×1080) என்பது பொய்யன்று; 15.6 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 141 பிக்சல். முன்பு பயன்படுத்திய 1366×768 திரையில் அது 100 மட்டுமே. அந்தப் பழைய திரையில் அடிக்குறிப்பு அளவு எழுத்தில் ணகரத்தின் மூன்று சுழிக்கும் னகரத்தின் இரண்டு சுழிக்கும் வேறுபாடு காண பக்கத்தைப் பெரிதாக்கியே ஆக வேண்டியிருந்தது. மெய்ப்பு பார்ப்பவர்களுக்கு இது சிறிய வசதியன்று. குறை நிறத்திலும் ஒளியிலும் இருக்கிறது. ‘45% என்டிஎஸ்சி’ என்று பட்டியலின் அடியில் ஒரு வரி உண்டு. என்டிஎஸ்சி என்பது 1953-ஆம் ஆண்டின் தொலைக்காட்சி நிற வரையறை. ஏறத்தாழ 72 விழுக்காடு என்டிஎஸ்சியே இன்று பரவலாகப் பயன்படும் நிற வரையறையான எஸ்ஆர்ஜிபியின் முழு அளவுக்குச் சமம். அப்படியானால் 45 என்பது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அட்டைப்படத்தின் அடர்சிவப்பு இந்தத் திரையில் செங்கல் நிறமாகவே தெரிகிறது. அதை நம்பித் திருத்தினால் அச்சில் சிவப்பு அளவு மீறிவிடும் என்பதால், நிறம் தொடர்பான வேலை அனைத்தையும் வெளித்திரைக்கு மாற்றிவிட்டேன். ஒளிர்வு 250 நிட்; பகலில் சன்னலோரம் உட்கார்ந்தால் திரையில் என் முகம்தான் முதலில் தெரியும்.

120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரைகளுக்கு, அதாவது நொடிக்கு அத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் திரைகளுக்கு, இருக்கும் மவுசு என் போன்ற வேலைக்கு மிகை. 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லி விநாடி, 120-இல் 8.3, ஆனால் பிக்சல் நிறம் மாறவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும் மலிவுப் பேனலில் கூடுதல் ஹெர்ட்ஸ் நிழலாகத்தான் இழுபடும். அதைக் காட்டிலும் 1920×1200 திரை தரும் 120 கூடுதல் வரிசைகள் பக்கம் பார்ப்பவருக்கு மேல்.

ஒரே மாதிரிப் பெயரில் வெவ்வேறு பேனல்களைப் பொருத்தி அனுப்பும் வழக்கமும் உண்டு என்பதால், பெட்டியைப் பிரித்த அன்றே எச்டபிள்யுஇன்ஃபோ போன்ற நிரலில் பேனலின் மாதிரி எண்ணைப் பார்த்து, அதற்குரிய நிற அளவையும் நிட்டையும் தேடிச் சரிபார்த்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு ஆவது ஒன்றுமில்லை.