உயிர்ப்பாறையா, உலர்பாறையா?

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது மீனை அல்ல, கல்லை.

லைவ் ராக் எனும் உயிர்ப்பாறை, கடல் உயிர்கள் ஒட்டி வாழும் கல். அதற்கு விலை கூடுதல். ஆனால் மீன் கழிவில் உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதன் துளைகளில் ஏற்கெனவே குடியிருக்கும். காயவிடாமல் கொண்டுவந்தால் தொட்டி சீக்கிரம் தயார். ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படிந்த கோரலைன் பாசியும் கூடவே வரும். வேண்டாத விருந்தாளிகளும்தான். ஐப்டேசியா என்ற குட்டிக் கடல் அனிமோன் ஒன்று ஒளிந்து வந்தால் போதும், நசுக்க நசுக்கப் பெருகும். இரவில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் மீனைத் தாக்கும் மேன்டிஸ் இறாலோ என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

உயிர் ஏதும் இல்லாத காய்ந்த கல்லான உலர்பாறையில் இந்தத் தொல்லை இல்லை. விருப்பப்படி ஒட்டிக் குகை கட்டலாம். பாக்டீரியா குடியேறத்தான் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இடையில் பழுப்புப் பாசி படிந்து அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

என் ஓட்டு உலர்பாறைக்கு. அப்புறம், ஐப்டேசியா இல்லாத நண்பர் தொட்டியிலிருந்து கையளவு உயிர்ப்பாறை கேட்டு வாங்குங்கள், அதிலிருந்து பாக்டீரியா பரவும். அவர் தொட்டிக் கண்ணாடியில் சுரண்டிய ஊதாக் கோரலைன் துகளும் உதவும். தண்ணீரில் கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் நிலையாக இருந்தால் கோரலைன் மெல்லப் பரவும். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும், ஆகவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படலாம். கல்லில் மிச்சம் பிடித்த காசு அதற்கே போகும்.